புவாசனுக்கும் சாய்தோங்குக்கும் நடுவே

புவாசன் முதலில் பேசிவிட்டு மறுநாள் யோசிக்கிறவள். தோன்சாய்ச் சந்தையில் அவளுக்கு எதிர்க்கடையில் மீன் விற்கிறவர்கள் இதை ஒரு குறையாகச் சொல்வதில்லை. பொழுது போக அவர்களுக்கு அவள் வேண்டும்.

சுட்ட பச்சைமிளகாய்த் துவையலும் பன்றித்தோல் வறுவலும் அவள் வியாபாரம். விடியும் முன்பே கரியடுப்பில் மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் சுட்டுத் தோலுரித்துக் கல்லுரலில் போட்டு இடிப்பாள். உலக்கை ஏறும்போதே வாயும் ஏறும். பேரம் பேசுகிறவளிடம், "ஏம்மா, உன் புருசன் பெரிய மோட்டார் சைக்கிளு வாங்குனானே, அங்க இப்படித்தான் பேரம் பேசுனானா?" என்பாள். கேட்டவள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவாள். கோபித்துக்கொண்டு போனவளும் மறுவாரம் வந்து நிற்பாள். அந்தத் துவையலின் ருசி அப்படி.

அவள் கணவன் தாவொன், மலை மேலிருந்து சோளம் ஏற்றிவரும் லாரி ஓட்டினான். வாய் திறக்காத மனிதன். அவனுக்கும் சேர்த்து இவளே பேசினாள். கல்யாணமான புதிதில், "ஒண்ணு கேட்டா ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?" என்று சண்டை போட்டிருக்கிறாள். பிறகு அதுவும் பழகிவிட்டது. அவன் சாப்பிடுவான், இவள் பேசுவாள். அவன் டயரைக் கழற்றுவான், இவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பேசுவாள். ஒரே மகள் படித்து, கல்யாணமாகி சியாங்மாயில் குடியேறினாள். வீட்டில் இவர்கள் இருவர் மட்டும் ஆனபோதும் பேச்சு குறையவில்லை.

ஒரு வெயில் காலத்து மதியம், சாப்பிட்டுவிட்டுக் கொல்லையில் மரத்தடிக் கட்டிலில் சாய்ந்தவன் அப்படியே போய்விட்டான். நெஞ்சு நின்றுவிட்டது. அவன் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டு புவாசன் பூண்டு உரித்தபடி வெகுநேரம் அவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். மகள் போன் செய்ததைச் சொன்னாள். மீன்காரியின் கொழுந்தனைப் பற்றிச் சொன்னாள். பக்கத்து வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சொன்னாள். கடைசியில், "காதுல விழுதா இல்லியா?" என்று அதட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இந்த ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்கிறவள் இதைச் சொல்லவில்லை.

அவனுடைய நூறாம் நாள் தானத்துக்குத் தெருவே வந்து அடுப்படியில் நின்றது. சாவு வீடுகளில் எங்கள் பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். காய் நறுக்குவார்கள், கேலி பேசுவார்கள், போனவனை அழைத்து வைத்துப் பேசுவதுபோல் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்கள். அன்றைக்கு ஒட்டரிசி வேகிற பெரிய பானைக்குப் பக்கத்தில் நின்ற அடுத்த வீட்டு சாய்தோங், "பாவம் தாவொன், இப்பத்தான் அவன் காதுக்கு ஓய்வு கெடச்சிருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். புவாசனும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாளிலிருந்து சாய்தோங்கிடம் பேசுவதை நிறுத்தினாள்.

இருவரும் சின்ன வயதிலிருந்தே அக்கா தங்கை மாதிரி. சாய்தோங் இரண்டு வயது பெரியவள். அவளுக்கும் ரோஷத்துக்குக் குறைவில்லை. "பேசலேன்னா போ" என்று அவளும் இருந்துவிட்டாள். அப்படியே ஆறு மழைக்காலம் போனது.

விகாரையில்தான் இது எல்லோருக்கும் தொல்லையாக இருந்தது. பௌர்ணமி, அமாவாசை, அஷ்டமி என்று ஊர் கூடும் நாட்களில் இருவருக்கும் பெரிய கூடத்தில் பல வருஷமாக உட்காரும் இடம் உண்டு. கிழக்குத் தூணை ஒட்டி, பக்கத்தில் பக்கத்தில். பேச்சு நின்ற பிறகும் இடத்தை விட்டுக்கொடுக்க இருவரும் தயாராக இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். நடுவில் ஒரு ஆள் தாராளமாக உட்காரும் அளவு பாய் காலியாகக் கிடந்தது. அதில் யாரும் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தவர்கள் பட்ட பாடு ஊருக்குத் தெரியும். "சில பேருக்குப் பூவ வாடவெச்சுக் கொண்டாந்தாத்தான் புண்ணியம் போல" என்று இந்தப் பக்கமிருந்து ஒரு சாடை வரும். "சில பேரு வாடாத பூ கொண்டாந்து வாடின மனசோட குடுக்குறாங்க" என்று அந்தப் பக்கமிருந்து பதில் போகும். நடுவில் இருக்கிறவள் பஞ்சசீலம் எடுத்த பாவத்துக்கு இரண்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஐலா வந்தது ஏழாவது மழைக்காலத்தில்.

பின்லாந்தில் டிராம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவள். நெடுநெடுவென்று உயரம், நரைத்த தலையை ஆண்பிள்ளை போல ஒட்ட வெட்டியிருந்தாள். சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி அறையை மழைக்காலம் முழுவதற்கும் வாடகைக்கு எடுத்திருந்தாள். எங்கள் ஊர்ப் பேச்சு அவளுக்குத் தெரியாது. புத்தகம் வைத்துப் படித்த பாங்காக் பேச்சுதான். அதையும் வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் பேசுவாள். காரம் ஒரு துளி ஆகாது. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் புவாசனிடம் துவையல் வாங்குவாள். "இத என்னம்மா செய்யிற?" என்று புவாசன் தனக்குத் தெரிந்த அரைகுறைப் பாங்காக் பேச்சில் கேட்டதற்கு, "முகர்ந்து பார்க்கிறேன். மிக நன்றாக இருக்கிறது" என்றாள். புவாசனுக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துவிட்டது.

ஒரு நாள் காலையில் ஐலா கடைக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அம்மையாரே, என் அறையில் இருந்தபடியே விகாரையின் ஓதலைக் கேட்கிறேன். நாளைய வழிபாட்டில் அந்நியர் ஒருவர் கலந்துகொள்ள அனுமதி உண்டா?"

"அனுமதியா? அங்க நாலு நாயி தெனம் வருது. அதுங்க யார்கிட்டக் கேட்டுச்சு?"

மீன்காரி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஐலா சிரிக்கவில்லை. "நான் எதையும் அவமதித்துவிடக் கூடாது" என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்ததும் புவாசனுக்கும் கேலி போய்விட்டது. "முழங்காலு மறையுற துணி கட்டிக்க. தோள மூடிக்க. பூ கொண்டா. கால புத்தர் பக்கம் நீட்டாத, பிக்குச் சாமிங்க பக்கமும் நீட்டாத. சாமிங்களத் தொட்டுடாத. மத்தபடி எல்லாரும் என்ன செய்யுறாங்களோ அதச் செய்யி."

இதைத்தான் ஐலா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் தூறல். கூடத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. பெண்கள் வெள்ளைச் சட்டையும் தோளில் மடித்துப் போட்ட வெள்ளைத் துண்டுமாக வரிசையாக வந்து, நீளமாக அடுக்கியிருந்த பிச்சைப் பாத்திரங்களில் ஒட்டரிசியைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார்கள். புவாசன் வாழையிலையில் கட்டிச் சுட்ட புளித்த பன்றியிறைச்சியைத் தட்டில் வைத்தாள். அது தாவொனுக்குப் பிடித்தது. மாதத்தில் ஒரு தரமாவது செய்து கொண்டுவருவாள்.

அப்போது வாசல் பக்கம் ஒரு சலசலப்பு. ஐலா வந்திருந்தாள். கணுக்கால்வரை தொங்கும் பாவாடை, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, கையில் தாமரை மொட்டும் ஒரு காகிதப் பொட்டலமும். படியில் கன்னாபின்னாவென்று கிடந்த செருப்புகளைப் பார்த்தவள், இதற்கும் ஏதோ முறை இருக்கும், மழையில் கலைந்துவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, குனிந்து அத்தனையையும் ஜோடி சேர்த்து, பெரியது சின்னது பார்த்து, வரிசையாக அடுக்கினாள். அடுக்கிவிட்டு வெளித் தாழ்வாரத்திலேயே, தூறல் முதுகில் விழ, மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

விகாரைக் கமிட்டி ஆளாகச் சடங்கை நடத்துகிற சனான் மைக்கைப் பிடித்தான். அதிர முழங்குவது என்று அர்த்தம் வரும் அந்தப் பேருக்கு ஏற்ற மாதிரி அவனுக்கு இடிக் குரல், அதற்கு மேல் மைக் வேறு.

"வெளிய உக்காந்திருக்குற அம்மா, உள்ள வாங்க. வெளிநாட்டுக்காரங்க நனையணும்னு இங்க சட்டம் கெடையாது."

கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஐலாவின் முகம் காது வரைக்கும் சிவந்தது. எழுந்து நடந்தால் மற்றவர் தலைக்கு மேல் தன் தலை போகும் என்று முழங்காலாலேயே தவழ்ந்து உள்ளே வந்தாள். அவ்வளவு உயரமான பொம்பளை தவழ்ந்து வருவதைப் பார்த்துக் குழந்தைகள் வாயைப் பிளந்தன. அவள் இடம் தேடினாள். எங்கும் இடமில்லை. கிழக்குத் தூணுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் அளவு பாய் காலியாகத் தெரிந்தது. ஒரு பக்கம் அவளுக்குத் தெரிந்த துவையல்காரி வேறு.

ஐலா மூச்சுவிட்டுக்கொண்டு நேராக அங்கே போய் உட்கார்ந்தாள்.

பக்கத்துப் பாய்களில் பேச்சு நின்றது. பின்வரிசையில் யாரோ ஒருத்தி மெல்ல, "போச்சு" என்றாள்.

சீலம் எடுக்கும்போது ஒன்றும் நடக்கவில்லை. ஐலா கையைக் கூப்பி, வாய் அசையாமல், பார்வை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விகாரையின் தலைமைப் பிக்குவான பெரிய சாமி தர்மாசனத்தில் ஏறி உபதேசம் ஆரம்பித்தார். எங்கள் கூடத்தில் உபதேசம் என்றால் அவர் பாட்டுக்கு அவர் சொல்வார், ஊர் பாட்டுக்கு ஊர் கொஞ்சம் பேசும், வயசானவர்கள் கொஞ்சம் தூங்குவார்கள், கேட்க வேண்டியதைக் கேட்டும்கொள்வார்கள். அவருக்கும் அது தெரியும். அன்றைக்கு ஒருத்தி மட்டும் இமை கொட்டாமல் தன்னையே பார்ப்பதைக் கண்டு அவர் இரண்டு தரம் தடுமாறினார்.

ஐலா கால்களை ஒரு பக்கமாக மடித்து, எங்கள் பெண்களைப் போலவே உட்கார்ந்திருந்தாள். ஆனால் அது பழகாத கால். கொஞ்ச நேரத்தில் கணுக்கால் நீலம் பூத்துவிட்டது. நெற்றியில் வேர்வை.

"இந்தப் பக்கம் மாத்திக்க" என்று புவாசன் கிசுகிசுத்தாள்.

"அந்தப் பக்கம் மாத்துனா கால் சாமி பக்கம் போவும். இந்தப் பக்கம் மாத்தும்மா" என்றாள் சாய்தோங், ஐலாவைப் பார்த்து.

"சொல்றவங்களுக்கு எடம் வலம் தெரிஞ்சா நல்லாருக்கும். இது எடது கால்னு சொல்லும்மா" என்றாள் புவாசன், அவளும் ஐலாவையே பார்த்து.

"எடது காலு மரத்துப்போனதாலதான சொல்றேன். அதுகூடப் புரியலேன்னா என்ன செய்யிறதுன்னு சொல்லும்மா."

ஐலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவருக்கும் பணிய வேண்டும் என்று நினைத்து முதலில் இந்தப் பக்கம் மாற்றினாள், உடனே அந்தப் பக்கம் மாற்றினாள். மரத்துப்போன கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அது தானாக முன்னால் நீண்டு, பெரிய சாமியை நேராகச் சுட்டிக்கொண்டு நின்றது.

ஐலாவுக்கு உயிரே போய்விட்டது. காலை இழுக்கப் பார்த்தாள். வரவில்லை. அப்போது இரண்டு பக்கமிருந்தும் இரண்டு கைகள் ஒரே சமயத்தில் அந்தக் காலைப் பிடித்தன. புவாசன் முழங்காலைப் பிடித்தாள், சாய்தோங் பாதத்தைப் பிடித்தாள். "மெதுவா, மெதுவா. மடக்கு, ஆங்" என்றாள் ஒருத்தி. "பாவாடைய இழுத்து மூடு" என்றாள் மற்றவள். இருவருமாகச் சேர்ந்து காலை மடக்கிப் பாவாடைக்குள் ஒளித்துவிட்டு நிமிர்ந்தபோது முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். உடனே ஆளுக்கொரு தூணைப் பார்த்தார்கள்.

பெரிய சாமி உபதேசத்தை நிறுத்தவில்லை. ஆனால் வாயோரம் ஏதோ ஒன்றை அடக்கிக்கொண்டிருந்தார்.

உபதேசம் முடிந்து சாமிகள் உணவுக்குப் போகும் முன், போனவர்களுக்குப் புண்ணியத்தைப் பகிர்ந்து தண்ணீர் வார்க்கும் நேரம் வந்தது. ஆளுக்கொரு பித்தளைக் குப்பியும் கிண்ணமும் முன்னால் வைத்துக்கொண்டார்கள். குப்பி இல்லாதவர்கள் வார்க்கிறவரின் முழங்கையையோ தோளையோ தொட்டுக்கொள்வார்கள். அவரைத் தொட்டவரை இன்னொருவர் தொடுவார். அப்படித் தொட்டுத் தொட்டுக் கூடம் முழுவதும் ஒன்றாகிவிடும்.

ஐலாவிடம் குப்பி இல்லை. புவாசன் தன்னுடையதை அவள் கையில் வைத்தாள். "நீ ஊத்து. விருந்தாளி ஊத்துனா நல்லது. நான் உன்னத் தொட்டுக்கிறேன்."

"யாருக்காக ஊற்ற வேண்டும்?" என்று ஐலா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"செத்துப்போனவங்களுக்கு. உனக்கு யாரு உண்டோ அவங்கள நெனச்சுக்க."

"எனக்கு என் தமக்கை இருக்கிறாள். அவளை நினைத்துக்கொள்கிறேன்." கொஞ்சம் யோசித்தாள். "இது உங்கள் தண்ணீர். உங்களுடையவரையும் நான் நினைக்க வேண்டும் அல்லவா? உங்கள் கணவர் இறந்துவிட்டதாகச் சந்தையில் சொன்னீர்கள். அவர் பெயர் என்ன?"

புவாசன் வாயைத் திறந்தாள். என்ன காரணமோ, பெயர் சட்டென்று வரவில்லை. வாழ்க்கையில் அவளுக்குப் பேச்சு வராமல் போன இடம் அது ஒன்றுதான்.

"தாவொன்" என்றாள் அந்தப் பக்கமிருந்து சாய்தோங். "தாவொன்னு பேரு. நல்லவன். எங்க வீட்டுக் கிணத்த வருசா வருசம் அவன்தான் எறங்கித் தூர் வாருவான். கூலி குடுத்தா வாங்க மாட்டான். ஒரு கும்பா கஞ்சி குடிச்சிட்டுப் போவான்."

"தா-வொன்" என்று ஐலா சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "என் தமக்கையின் பெயர் கெர்த்து."

பெரிய சாமியின் குரல் எழுந்தது. ஐலா குப்பியைச் சாய்த்தாள். சன்னமாகத் தண்ணீர் கிண்ணத்தில் இறங்கியது. புவாசன் அவள் வலது முழங்கையைத் தொட்டாள். சாய்தோங்கின் முன்னால் அவளுடைய குப்பி நிறையத் தண்ணீரோடு இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு ஐலாவின் இடது முழங்கையைத் தொட்டாள். பின்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு முன்னால் நகர்ந்து இருவர் முதுகையும் தொட்டார்கள்.

புவாசன் கண்ணை மூடியிருந்தாள். தாவொன் கிணற்றுக்குள்ளிருந்து சேறு பூசிய முகத்தோடு ஏறி வருவது தெரிந்தது. அவன் கூலி வாங்காததற்கு அன்றைக்கு அவள் போட்ட சண்டையும் ஞாபகம் வந்தது.

கிண்ணத்துத் தண்ணீரை மரத்தடியில் ஊற்ற வேண்டும். எல்லோரும் எழுந்து படிக்குப் போனபோது அங்கே ஒரே குழப்பம். அவரவர் விட்ட இடத்தில் அவரவர் செருப்பு இல்லை. பட்டாளம் மாதிரி வரிசையாக நின்ற செருப்புகளுக்கு நடுவில் ஆளாளுக்குத் தேடினார்கள். "எவன்டா செருப்புக் கடை போட்டது?" என்று சனான் மைக் இல்லாமலே கூடம் அதிரக் கேட்டான். கடைசியில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போனான். அவன் காலில் கிடந்தது இரண்டும் இடது கால் என்பதை அவன் மனைவி வீட்டில்தான் கண்டுபிடித்தாள்.

இந்த மூன்று பேரும் அரசமரத்தடிக்கு வந்தார்கள். தூறல் விட்டிருந்தது. ஐலா வேரில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கைகூப்பி நின்றாள்.

புவாசனுக்கு இனி பொறுக்க முடியவில்லை. நேராக சாய்தோங்கின் முகத்தைப் பார்த்தாள்.

"இவ்வளவு தெரிஞ்சவ அன்னைக்கு ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"எப்படிச் சொன்னேன்?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"நெசமாவே தெரியாதுடி. நீ பானைக்கில்ல கோவிச்சுக்கிட்ட?"

"எந்தப் பானை?"

"உங்க வீட்டு அரிசிப் பானை. நூறாம் நாளுக்கு நான் கழுவும்போது அடியில விரிசல் விட்டுச்சே. சொல்லாம வெச்சுட்டுப் போயிட்டேன். மறுநாள் நீ பேசல. சரி, பானைக்குத்தான்னு புதுசா ஒண்ணு வாங்கி உன் வாசல்ல வெச்சேன். அதுக்கும் பேசல. இவ்வளவு அழுத்தமா இவளுக்குன்னு நானும் விட்டுட்டேன்."

புவாசன் விழித்தாள். "அது விகாரைக் கமிட்டிக்காரங்க வெச்சதுன்னுல்ல நெனச்சேன். அவங்களுக்கு நன்றின்னு துவையல் வேற குடுத்தனுப்புனேன்."

"அதான் அந்த வருசம் சனான் எதுக்குன்னே தெரியாம துவையல் தின்னுக்கிட்டு இருந்தானா?"

இருவருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. புவாசன் அதை விடவில்லை. "பானை இல்லக்கா. அவன் காதுக்கு இப்பத்தான் ஓய்வு கெடச்சிருக்குன்னு சொன்ன. எல்லார் முன்னாலயும்."

சாய்தோங் ஞாபகப்படுத்திப் பார்த்தாள்.

"சொல்லியிருப்பேன்" என்றாள் கடைசியில். "அது நான் சொன்னதில்லடி. அவன் சொல்றது. தூர் வாரிட்டு வந்து எங்க அடுப்படியில உக்காந்து கஞ்சி குடிக்கும்போது, உன் சத்தம் வேலிக்கு அந்தாண்ட கேக்கும். 'அக்கா, நான் செத்தாத்தான் இந்தக் காதுக்கு ஓய்வு'ம்பான். சொல்லிட்டுச் சிரிப்பான். 'அப்ப எங்க வீட்டுல படுத்துத் தூங்குறதுதானே'ன்னு நான் சொன்னா, 'அது கேக்கலேன்னா எனக்குத் தூக்கம் வராதே'ம்பான். அன்னைக்கு அடுப்படியில நின்னப்ப அவன் ஞாபகம். பாதிதான் வாயில வந்துச்சு."

புவாசன் மரத்தின் வேரிலேயே உட்கார்ந்துவிட்டாள். தாவொன் வேறொரு வீட்டில் அத்தனை வார்த்தை பேசியிருக்கிறான் என்பதே அவளுக்குப் புதுசு. பிறகு, யாரிடமும் சொல்லாததை, கட்டிலையும் பூண்டையும் அந்த மதியத்தையும் சொன்னாள். சொல்லும்போது குரல் தாழ்ந்தே இருந்தது. சாய்தோங் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"அப்ப கேட்டுக்கிட்டேதான போயிருக்கான்" என்றாள் சாய்தோங். "உனக்கு என்னடி கொறச்சல்? என் வீட்டுக்காரரு போனப்ப ஆசுபத்திரியில ஒரு மிசினு கூச்சல் போட்டுக்கிட்டு இருந்துச்சு."

புவாசன் அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்தது. துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்ட ஊர்ப் பேச்சில் ஐலாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஒருத்தி அழுகிறாள், ஒருத்தி தலையைக் குனிந்திருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. காலிக் கிண்ணத்தை நெஞ்சோடு பிடித்தபடி பக்கத்தில் வந்தாள்.

"நான் ஏதேனும் பெரிய பிழை செய்துவிட்டேனா?"

"ஆமா" என்றாள் சாய்தோங், தனக்குத் தெரிந்த பாங்காக் பேச்சில். "கால நீட்டிட்டீங்க."

"பெரிய சாமி மூஞ்சிக்கு நேரா" என்றாள் புவாசன்.

ஐலாவின் முகம் விழுந்ததைப் பார்த்ததும் இருவரும் அவள் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, அப்படி ஒன்றுமில்லை, விளையாட்டுக்குச் சொன்னோம் என்று சமாதானப்படுத்திச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

சாமிகள் பந்தியில் இன்னும் இருந்தார்கள். ஐலா கொண்டுவந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார்கள். உள்ளே அவள் ஊரிலிருந்து சிநேகிதி அனுப்பிய கறுப்பு ரொட்டி, தட்டையாக, பலகை மாதிரி. பெரிய சாமி ஒரு துண்டை வாயில் வைத்துக் கடித்தார். அசையவில்லை. இன்னொரு பக்கத்துப் பல்லால் கடித்தார். பிறகு வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதத் தின்னு வளந்தவங்க உபதேசத்தையும் அசையாமத்தான் கேப்பாங்க" என்றார். "சனான், நம்ம ஆளுங்களுக்கும் ஆளுக்கு ஒரு துண்டு குடு."

கூடம் முழுவதும் சிரித்தது. அவர் அதைச் சூப்பில் ஊறவைத்து முழுவதும் சாப்பிட்டார். ஐலாவைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். அவர் அந்தப் பக்கமாக எழுந்து போனபோது, தவறிக்கூடத் தொட்டுவிடக் கூடாது என்று அவள் பின்னால் சாய்ந்த சாய்ப்பில் சாய்தோங்கின் மடியிலேயே விழுந்தாள். சாய்தோங், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

சாமிகள் போன பிறகு ஊர் சாப்பிட உட்கார்ந்தது. மீதிக் கறுப்பு ரொட்டியைச் சாய்தோங் மிளகாய்த் துவையலில் தொட்டுத் தின்று பார்த்துவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள். "ஆறு வருசமாத் தின்னாத நாக்கு. அதான் தெரியல" என்றாள் புவாசன். சுற்றி இருந்தவர்கள் கை ஓய்ந்து, வாய் ஓய்ந்து, இருவரையும் பார்த்தார்கள். எல்லோருக்கும் அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது.

அந்த மழைக்காலம் முடியும்வரை ஐலா ஒரு கூட்டத்தைத் தவறவிடவில்லை. போகப் போக அவளும் உபதேசத்தின்போது ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை பேசக் கற்றுக்கொண்டாள். ஒரு தரம் தூங்கியும் போனாள். விழித்ததும் கலவரப்பட்டவளிடம் புவாசன், "இப்பத்தான் நீ எங்க ஊரு" என்றாள். மழை விட்டு, சாமிகளுக்குத் துவராடை கொடுக்கும் விழா முடிந்த வாரத்தில் ஐலா ஊருக்குக் கிளம்பினாள். பேருந்து நிலையத்துக்கு இருவரும் போய் வழியனுப்பிவிட்டு வந்தார்கள். தன்னால் அங்கே என்ன நடந்தது என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. சொல்லலாம் என்று சாய்தோங் இரண்டு தரம் ஆரம்பித்தாள். பானை விரிசல்வரை வந்து, அதற்கு மேல் பாங்காக் பேச்சு கைவிட்டுவிட்டது.

இப்போது புவாசனும் சாய்தோங்கும் வாரத்துக்கு ஒரு சண்டையாவது போடுகிறார்கள், நேருக்கு நேராக. மாலைக்குள் தீர்ந்துவிடும்.

போன வருஷம் சாய்தோங்குக்குக் கண்ணில் புரை. மாகாண மருத்துவமனையில் அறுவை. அவள் மகன் வெளியூரில் இருந்தான். புவாசன் கடையை மீன்காரியிடம் விட்டுவிட்டுக் கூடவே போனாள். கட்டுப்போட்ட கண்ணோடு ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவளுக்கு, கீழே யார் போகிறார்கள், யார் வருகிறார்கள், எந்த டாக்டர் எந்த நர்ஸைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி அவளாகக் கட்டியது. சாய்தோங்குக்கும் அது தெரியும்.

வீடு திரும்பும் வழியில் பேருந்து மாறுகிற இடத்தில் நூடுல்ஸ் கடை ஒன்று இருக்கிறது. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு கிண்ணம் சொன்னார்கள். ஆவி பறந்தது. வெளியே மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"எனக்குக் கொத்தமல்லி ஆவாது, தெரியும்ல?" என்றாள் சாய்தோங்.

"அம்பது வருசமாத் தெரியும். பேசாம இரு" என்றாள் புவாசன். சாய்தோங்கின் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, குச்சியால் இலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் அதை மறுபடி அவள் கைக்கு நேராக நகர்த்தி வைத்தாள்.